ஆடு நொண்டுகிறதா? கத்தியைக் கீழே வையுங்கள், முதலில் வாயைப் பாருங்கள்

பினாங்கில் செப்டம்பர் பிறந்து மழை பிடித்துக்கொண்டால், நவம்பர் முடியும்வரை எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். “அண்ணே, ஆடு ஒன்னு நொண்டுது. குளம்ப வெட்டி விட்டுரட்டா?” ஜாவி பக்கத்திலிருந்து வரும், சுங்கை பாக்காப்பிலிருந்து வரும், சிம்பாங் அம்பாட்டிலிருந்து வரும். எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: வெட்டாதே, முதலில் பார்.

நான் டாக்டர் இல்லை. செபராங் பிறை தெற்கில், செம்பனைத் தோட்டத்து ஓரத்தில், பரண் கொட்டகை போட்டுச் செம்மறி வளர்ப்பவன். வயிறு கருத்த பார்படோஸ் ஆடுகள் கொஞ்சம், டார்ப்பர் கலப்பு கொஞ்சம். ஆரம்ப வருடங்களில் நொண்டுகிற ஆட்டையெல்லாம் பிடித்துப் போட்டுக் குளம்பைச் செதுக்கியவன்தான் நானும். அதனால் கெட்டது அதிகம். இப்போது அறிகுறி அறிகுறியாகப் பார்த்து, எதற்குக் கத்தி, எதற்கு ஊசி, எதற்குத் தொலைபேசி என்று பிரித்து வைத்திருக்கிறேன்.

பிடிப்பதற்கு முன்னால்

ஆட்டைத் துரத்திப் பிடித்துவிட்டால் பாதித் தகவல் போய்விடும். பயத்தில் நொண்டல் மறைந்துவிடும். காலையில் தீவனத் தொட்டிக்கு வரும்போது தள்ளி நின்று பாருங்கள். முன்கால் வலித்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும். இரண்டு முன்காலும் வலித்தால் ஆடு முட்டி போட்டு மேயும். இதைப் பார்த்துவிட்டு “என் ஆட்டுக்குப் பக்தி வந்துருச்சு” என்று ஒருவர் சிரித்தார். இரண்டு குளம்பிலும் அழுகல் இருந்தது.

எத்தனை ஆடு நொண்டுகிறது என்று எண்ணுங்கள். ஒன்றா, ஒரே நாளில் ஏழா? குட்டிகள் மட்டுமா, பெரியதும் சேர்த்தா? இந்த எண்ணிக்கையை வைத்தே அடுத்து என்ன செய்வது என்று பாதி முடிவு செய்துவிடலாம்.

ஒன்றிரண்டு நாளில் பல ஆடுகள் நொண்டுகின்றன, காய்ச்சலும் இருக்கிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தீபகற்ப மலேசியாவில் கோமாரி, அதாவது வாயிலும் காலிலும் கொப்புளம் போடும் தொற்றுநோய், இன்னும் போகவில்லை. மாட்டுக்கு வந்தால் எச்சில் வடிவதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். செம்மறிக்கு அப்படித் தெரியாது. வாய்ப்புண் சின்னதாக வந்து இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும்; வெளியே தெரிவது நொண்டல் மட்டும்தான். 2001இல் பிரிட்டனில் கோமாரி அந்த அளவுக்குப் பரவியதற்கு ஒரு காரணம், செம்மறிகளிடம் இருந்ததை ஆரம்பத்தில் யாரும் கவனிக்காமல் சந்தைக்குச் சந்தை ஏற்றிச் சென்றதுதான்.

அதனால் குளம்பைத் தொடுமுன் உதட்டைத் தூக்குங்கள். செம்மறிக்கு மேல்வரிசையில் முன்பல் இல்லை, கெட்டியான ஈறுதான் இருக்கும். அந்த ஈறிலும் நாக்கிலும் கொப்புளமோ, தோல் உரிந்த சிவப்புத் திட்டோ இருக்கிறதா? குளம்பு மேலே மயிரோடு சேரும் கோட்டிலும், இரண்டு குளம்புக்கு இடையிலும் கொப்புளம் இருக்கிறதா? வெப்பமானியை ஆசனவாயில் வையுங்கள். காலை நேரம் நல்லது. மத்தியான வெயிலில் நல்ல ஆட்டுக்கே சூடு ஏறியிருக்கும். செம்மறிக்குச் சாதாரணமாக 38.5 முதல் 39.5 டிகிரி வரை. காலையிலேயே 40ஐத் தாண்டினால் அது காய்ச்சல்.

கொப்புளமும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால், அல்லது பாலூட்டும் குட்டிகள் காரணமில்லாமல் திடீரென்று செத்து விழுந்தால், வேலையை அப்படியே நிறுத்துங்கள். மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குக் கூப்பிடுங்கள். ஒரு ஆட்டையும் வெளியே ஏற்றாதீர்கள், பக்கத்துக் கொட்டகைக்கு நீங்களும் போகாதீர்கள். கோமாரி மனிதரைப் படுத்தாது. ஆனால் உங்கள் காலணியிலும் லாரி டயரிலும் சவாரி செய்யும்.

உதட்டு ஓரத்தில் கொப்புளம் இல்லாமல் கறுத்துக் காய்ந்த பொருக்கு தடித்திருந்தால், அதுவும் குட்டிகளுக்குத்தான் அதிகம் என்றால், அது வாய்ப்பொருக்கு அம்மையாக இருக்கலாம். குளம்புக்கு மேலும் வரும், தாயின் மடிக்காம்பிலும் வரும். பெரும்பாலும் சில வாரங்களில் தானாக ஆறும். கையுறை போடாமல் தொட்டால் உங்கள் விரலிலும் வரும். எனக்கு வந்திருக்கிறது. பார்த்துச் சொல்ல முடியாதபடி இருந்தால் கோமாரி என்றே நினைத்து டாக்டரைக் கூப்பிடுவது நல்லது.

வாய் சுத்தமாக இருக்கிறது, குளம்பைப் பார்ப்போம்

செம்மறியைக் குந்த வைக்க வேண்டும். தாடையைப் பிடித்துத் தலையை அதன் இடுப்புப் பக்கம் திருப்பி, பின்காலை உங்கள் பக்கம் இழுத்தால் தானாகச் சாயும். முதுகை உங்கள் கால்முட்டிகளில் சாய்த்து, புட்டத்தில் உட்கார வையுங்கள். சரியாக உட்கார்ந்துவிட்டால் சோபாவில் சாய்ந்த மாமா மாதிரி அசையாமல் இருக்கும். வெள்ளாட்டிடம் இந்த வேலை நடக்காது, கத்திக் கொட்டகையையே கூட்டிவிடும். அதைக் கட்டிப்போட்டு ஒவ்வொரு காலாகத் தூக்குங்கள். நிறைமாதச் சினையை ரொம்ப நேரம் குந்த வைக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய பல்துலக்கி, ஒரு துணி. குளம்பு இடுக்கில் இருக்கும் சேற்றையும் சாணியையும் தேய்த்துக் கழுவி, துடைத்துவிட்டுப் பாருங்கள். கழுவாமல் பார்த்துச் சொல்வது எல்லாம் ஊகம்தான். கழுவியதும் செய்ய வேண்டியது, மூக்கை அருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பது. சிரிக்காதீர்கள். நோயைப் பிரிப்பதில் மூக்குக்கு இணையான கருவி என்னிடம் இல்லை.

இடுக்கில் தோல் சிவந்து வெளுத்து ஈரமாக இருக்கிறது, நாற்றம் பெரிதாக இல்லை

குளம்பு ஓடு எங்கும் பிரியவில்லை. இரண்டு குளம்புக்கு நடுவே தோல் மட்டும் வெந்தது மாதிரி இருக்கிறது. இது இடுக்குப்புண். ஈரப் புல்லில் நாள் முழுவதும் நின்ற குட்டிகளுக்கு அதிகம் வரும். ஒன்றிரண்டு ஆட்டுக்கு என்றால் ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஸ்பிரே, அந்த நீல நிறத்து டப்பா, இடுக்கில் அடித்து, காயும்வரை உலர்ந்த இடத்தில் நிறுத்தினால் போதும். பல ஆட்டுக்கு என்றால் கால்தொட்டி. ஜிங்க் சல்பேட் 10 விழுக்காடு: 1 கிலோவைக் கரைத்துத் தண்ணீர் சேர்த்து மொத்தம் 10 லிட்டர் ஆக்குங்கள். முதலில் சாதாரணத் தண்ணீரில் காலை நனைத்துச் சேற்றைப் போக்கிவிட்டு, பிறகு மருந்துத் தண்ணீரில் சில நிமிடம் நிற்க வையுங்கள். வெளியே வந்ததும் சேற்றில் இறக்கிவிட்டால் போட்ட காசு சேற்றோடு போய்விடும்.

ஓடு பிரிகிறது, சாம்பல் நிறத்தில் களிம்பு மாதிரி, நாற்றம் தாங்கவில்லை

இதுதான் குளம்பழுகல். குதிப்பக்கம், உள்பக்க ஓட்டில் ஆரம்பிக்கும். அங்கிருந்து அடிப்பாகத்துக்குக் கீழே புகுந்து ஓட்டைச் சதையிலிருந்து கழற்றிக்கொண்டு போகும். அந்த நாற்றத்தை ஒருமுறை மோந்தவர் மறக்க மாட்டார். கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சோற்றில் கை வைத்தாலும் வரும். இடுக்குப்புண்ணில் புகுந்து ஓட்டைத் தின்னும் இந்தக் கிருமியின் பெயர் டைக்கிலோபாக்டர் நோடோசஸ்.

இங்கேதான் எல்லாரும் கத்தியை எடுப்பார்கள். பிரிந்த ஓட்டை வெட்டி, “காத்து படட்டும்” என்று இரத்தம் வரும்வரை செதுக்குவார்கள். எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததும் அதுதான். பிரிட்டனில் வார்விக் பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். ஊசியும் ஸ்பிரேயும் போட்டு வெட்டாமல் விட்ட ஆடுகள், அதே மருந்தோடு குளம்பும் வெட்டப்பட்ட ஆடுகளைவிடச் சீக்கிரம் தேறின. படித்தபோது நம்பவில்லை. என் கொட்டகையில் அடுத்த மழைக்கு வெட்டாமல் விட்டுப் பார்த்தேன், நம்பிவிட்டேன்.

நான் செய்வது இது. டாக்டரிடம் கேட்டு, நீண்ட நாள் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி. 20 விழுக்காட்டு மருந்து என்றால் 10 கிலோ எடைக்கு 1 மில்லி. 35 கிலோ ஆட்டுக்கு மூன்றரை மில்லி. கழுத்துத் தசையில் போடுங்கள். புட்டத்தில் போடாதீர்கள். அங்கே ஓடும் பெரிய நரம்பில் பட்டால், வந்த நொண்டல் போய் புது நொண்டல் வரும். நாலு குளம்புக்கும் ஸ்பிரே. முதுகில் நிறக்கோடு போட்டு, தேதியை எழுதி வையுங்கள். நொண்டலைப் பார்த்த மூன்று நாளுக்குள் செய்துவிட்டால் பாதி வேலை மிச்சம். ஐந்து நாள் கழித்து நடையைப் பாருங்கள். பத்து நாளாகியும் நொண்டினால் டாக்டர் திரும்பப் பார்க்கட்டும். முழுக்க ஆறிய பிறகு, குளம்பு கோணலாக இருந்தால் அப்போது வெட்டிச் சரிப்படுத்தலாம்.

இந்தக் கிருமி ஆட்டின் காலில்தான் குடியிருக்கிறது. மண்ணில் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது. அதனால் புது ஆடு வாங்கினால் 28 நாள் தனியாகக் கட்டுங்கள், நாலு காலையும் தூக்கிப் பார்த்த பிறகே கூட்டத்தில் விடுங்கள். ஒரே ஆட்டுக்கு ஒரு வருடத்தில் மூன்றாவது முறை வந்தால் அதை நான் வைத்துக்கொள்வதில்லை. எவ்வளவு நல்ல தாயாக இருந்தாலும் சரி.

மயில்துத்தம் பற்றி ஒரு வார்த்தை

கால்தொட்டிக்கு மயில்துத்தம் (செம்பு சல்பேட்) போடு, மாட்டுக்கு எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள் என்று ஒரு தீவனக் கடையில் சொன்னார்கள். போட்டேன். தொட்டியை இரவு மூடாமல் விட்டேன். ஆடுகள் அதைக் குடித்திருக்கின்றன. ஏற்கெனவே நான் செம்பனைப் புண்ணாக்கைத் தாராளமாகக் கொடுத்து வந்தேன், விலை மலிவு என்று. அந்தப் புண்ணாக்கில் செம்புச் சத்து அதிகம். செம்மறியின் ஈரலில் செம்பு சத்தமில்லாமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் மொத்தமாக இரத்தத்தில் கொட்டும். ஒரு காலையில் இரண்டு தாயாடுகள் எழவில்லை. கண்ணின் வெள்ளை மஞ்சளாகிக் கிடந்தது. பலகை இடுக்கு வழியாகக் கீழே சிந்திய மூத்திரம் கோப்பி ஓ, அதாவது பால் விடாத கறுப்புக் காப்பி நிறத்தில் இருந்தது. மறுநாள் இரண்டும் போய்விட்டன.

வெள்ளாடும் மாடும் செம்பை ஓரளவு தாங்கும். செம்மறி தாங்காது. செம்மறி வைத்திருக்கிறீர்கள், செம்பனைப் புண்ணாக்கும் போடுகிறீர்கள் என்றால் மயில்துத்தத்தைக் கொட்டகைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். ஃபார்மலின் 3 விழுக்காட்டில் வேலை செய்யும்தான், ஆனால் கண்ணையும் மூச்சையும் எரிக்கும், ஆறாத புண்ணில் பட்டால் ஆடு துடிக்கும். எனக்கு ஜிங்க் போதும். பழைய இஞ்சின் எண்ணெய், மண்ணெண்ணெய் இதெல்லாம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வேப்பெண்ணெய் தடவினால் ஈ அண்டாது, அதுவரைக்கும் சரி. அழுகலை அது ஆற்றாது.

ஒரே கால், நாற்றம் இல்லை, காலை ஊன்றவே மாட்டேன் என்கிறது

நேற்று ஓடிய ஆடு இன்று மூன்று காலில் கெந்துகிறது. குளம்பைக் கையால் பிடித்தால் மற்றக் குளம்பைவிடச் சூடு. இங்கேதான் கத்திக்கு வேலை. உள்ளே சீழ் கட்டியிருக்கும், அல்லது முள் இருக்கும்.

செம்பனைத் தோட்டத்தில் மேய்ப்பவர்கள் முள்ளையே முதலில் சந்தேகப்படுங்கள். கழித்துப் போட்ட மட்டையின் அடிக்காம்பில் இருக்கும் முள், காய்ந்தால் ஆணி மாதிரி. போன வருடம் டார்ப்பர் கலப்பு ஆடு ஒன்றைக் குந்த வைத்துக் கழுவினேன். ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரலால் அடிப்பாகத்தை அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே போனேன். குதிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு இடத்தில் காலை வெடுக்கென்று இழுத்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் மிளகு அளவு ஒரு கறுப்புப் புள்ளி. மேல் ஓட்டை மட்டும் மெல்லச் சுரண்டி, இடுக்கியால் பிடித்து இழுத்தேன். ஒரு விரல்கணு நீளத்துக்கு முள் வந்தது, அதன் பின்னாலேயே சாம்பல் நிறச் சீழ். ஆடு பெருமூச்சு விட்டதாக எனக்குத் தோன்றியது. அது நானாகவும் இருக்கலாம்.

முள் இல்லாவிட்டால், ஓடும் அடிப்பாகமும் சேரும் வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். அங்கே கறுப்பாக ஒரு பிளவோ புள்ளியோ இருந்தால் அதன் வழியே கத்தி முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோங்கள். சீழ் வழிய ஒரு துளை கிடைத்தால் போதும், குகை தோண்ட வேண்டாம். இளஞ்சிவப்பு தெரிந்தால் நிறுத்துங்கள். எப்சம் உப்பு கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து, பஞ்சு வைத்துத் துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை கட்டி இரண்டு நாள் உலர்ந்த இடத்தில் வையுங்கள். சீழுக்கு வழி விடாமல் போனால் அது மேலே மயிர்க்கோட்டில் உடைத்துக்கொண்டு வரும். ஆழமான முள்குத்தில் தசைவிறைப்பு நோய் (டெட்டனஸ்) வரலாம்; தடுப்பூசி போடாத ஆடு என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

புண்ணில் புழு நெளிந்தால் தள்ளிப்போடாதீர்கள். நம் ஊர்த் திருகுப்புழு அழுகியதை மட்டுமல்ல, உயிருள்ள சதையையும் குடைந்துகொண்டு போகும்.

குளம்பு நுனியில் சிவப்பாகச் சதை வளர்ந்திருக்கிறது

ஸ்ட்ராபெர்ரிப் பழம் மாதிரி, தொட்டால் இரத்தம். இது பெரும்பாலும் நம் கைவேலை: ஆழமாக வெட்டிய இடத்தில் ஆறாமல் சதை தள்ளி வளர்வது. கடுமையான ஃபார்மலினாலும் வரும். என் பழைய ஆடுகளில் இரண்டுக்கு இருந்தது, இரண்டையும் வெட்டியவன் நான். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு வெட்டி, அந்த இடத்துக்குச் சூடு வைக்க வேண்டும். நீங்களே வெட்டினால் திரும்ப வளரும்.

நுனி நீண்டு செருப்பு மாதிரி வளைந்திருக்கிறது

பரணிலேயே வளரும் ஆட்டுக்குக் குளம்பு தேய வழியில்லை. இதற்கு வெட்டத்தான் வேண்டும். பூச்செடி வெட்டும் கத்தரி போதும். மயிர்க்கோட்டுக்கு இணையாக அடிப்பாகம் வரும்படி, சுவர் ஓரத்தை மட்டும் வெட்டுங்கள். மழைக்குப் பிறகு குளம்பு மென்மையாக இருக்கும், கத்தரி சுலபமாக இறங்கும். ஒரு ஆட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் கத்தரியைக் கிருமிநாசினியில் முக்குங்கள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சொரசொரப்பான சிமெண்டுத் தளம் போட்டு வைத்தால் பாதியை அதுவே தேய்த்துவிடும்.

குட்டிக்கு மூட்டு வீங்கியிருக்கிறது

இரண்டு மூன்று வாரக் குட்டி, முட்டி தடித்துச் சூடாக இருக்கிறது, பால் குடிக்க எழவில்லை. குளம்பைத் தேடாதீர்கள், தொப்புள் வழியாகக் கிருமி போயிருக்கிறது. அன்றைக்கே டாக்டர் மருந்து தொடங்கினால்தான் மூட்டு பிழைக்கும். அடுத்த குட்டிக்காவது பிறந்தவுடன் தொப்புள் கொடியை 7 விழுக்காட்டு அயோடினில் முக்குங்கள்.

பெரிய ஆட்டுக்கு மூட்டு வீங்கி, உடம்பும் இளைத்து, மருந்துக்கு அசையாமல் இருந்தால் மெலியோய்டோசிஸ் இருக்கலாம். ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் இருக்கும் கிருமி அது, மலேசியாவில் ஆட்டுக்கும் வரும், மனிதருக்கும் வரும். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். அந்த மூட்டை நீங்களே கீறிச் சீழ் எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் கொட்டகைக்குக் கீழே இறங்கினால் பூட்ஸ், கையில் காயம் இருந்தால் கையுறை.

நாலு காலும் வலிக்கிறது, முதல் நாள் விருந்து

கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோறு, கோயில் அன்னதானத்தில் மிஞ்சிய சோறு. பாவம் என்று மூட்டையோடு கொண்டுவந்து கொட்டுவார்கள். பழக்கமில்லாத ஆடு வயிறு முட்டத் தின்றால் இரைப்பை புளித்து, நாலு குளம்பும் சூடேறி, முள்மேல் நிற்பது மாதிரி நிற்கும். சாணம் கூழாகப் போகும். சோற்றையும் பிண்ணாக்கையும் நிறுத்தி, புல்லும் தண்ணீரும் மட்டும் வைத்து, உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். இதில் காலைவிட உயிர்தான் முதலில் போகும்.

குளம்பில் ஒன்றும் இல்லை

மேலே ஏறிப் பாருங்கள்: கணுக்கால், முட்டி, தோள். பரண் பலகை இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் இருந்தால் சாணி விழும், கால் விழாது. ஒரு பலகை உடைந்து இடைவெளி பெரிதானால் குட்டியின் கால் மாட்டி முறியும். முட்டிக்குக் கீழே முறிந்தால், பஞ்சு நன்றாகச் சுற்றி, நீளவாக்கில் பிளந்த பிவிசி குழாயை வைத்துக் கட்டி டாக்டரிடம் கொண்டுபோங்கள். குட்டி எலும்பு நாலிலிருந்து ஆறு வாரத்தில் கூடிவிடும். கையோடு அந்தப் பலகையையும் மாற்றுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளும் தீபாவளியும் நெருங்கும்போது

குர்பானிக்கு நொண்டல் தெரிகிற ஆட்டை எடுக்க மாட்டார்கள். வாங்க வருபவர் கொட்டகை வாசலில் இரண்டு தரம் நடக்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். அதனால் ஊசி போட்டு அவசரமாக நடக்க வைத்து விற்கிற வேலையும் நடக்கிறது. போட்ட மருந்து கறியில் இருக்கும். எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று மருந்துப் புட்டியின் அட்டையிலேயே எழுதியிருக்கும். நான் ஊசி போட்ட அன்றே அந்த நாளை எண்ணி, கொட்டகைக் காலண்டரில் ஆட்டின் காது எண்ணோடு சிவப்பு மையில் குறித்துவிடுவேன். போன பெருநாளுக்கு அந்தச் சிவப்புக் குறியைக் காட்டி ஒரு ஆட்டை விற்க மாட்டேன் என்றேன். வந்தவர் கொஞ்சம் முறைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற இன்னொன்றை நடக்கவிடச் சொன்னார்.